மரவள்ளி விலைக் கோட்டின் காரணம்

நீ நினைவிலிருந்து எழுதி அனுப்பிய விடையைப் படித்துவிட்டேன். ஆசிரியையாக ஒரு தடவை, அம்மாவாக இரண்டு தடவை. மூன்று விளைபொருள்களின் பத்து வருட விலையைக் காட்டும் ஒரு கோட்டுப்படம். அதைப் பார்த்து நூற்றைம்பது சொற்களில் ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டும். நம் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும், வெளிநாடு போகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் கற்றுத்தரும் அதே கேள்விதான். நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போக உனக்கு அந்தத் தேர்வு வேண்டும். படிப்பதிலும் கேட்பதிலும் பேசுவதிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய நீ, எழுத்தில் மட்டும் இரண்டாவது முறையாக அரைப் புள்ளி குறைந்து நின்றுவிட்டாய். எங்கே தவறினேன் என்று கேட்டிருந்தாய். தவறிய இடம் ஏழாவது வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'விவசாயிகள் பேராசையால் விற்காமல் பிடித்து வைத்திருந்ததால் விலை சரிந்தது.'

அந்த வரியில் இரண்டு பிழை இருக்கிறது. முதல் பிழையை உனக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்தத் தேர்வில் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். ஏன் என்று எழுதக் கூடாது. படத்தில் இல்லாத காரணத்தை எழுதினால் மதிப்பெண் போகும். இதை நான் உனக்குப் பதினேழு வயதிலேயே சொல்லியிருக்கிறேன். நீ மறக்கவில்லை, உன் கை அடங்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது பிழை, அந்தக் காரணமே பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். யாரை நினைத்து அந்த வரியை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உன் மாமாவை நீ திட்டியது சொந்தபந்தம் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த பந்தியில். அதனால் இதையும் அவர்கள் எல்லோரும் படிக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வைக்கிறேன். கடிதங்கள் யாரையும் மாற்றும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன்.

என் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பெரிய கட்டத்தாள் உனக்கு நினைவிருக்கும். பயிற்சிப் புத்தகங்களில் வருவதெல்லாம் கோகோ, தகரம், ரப்பர். நம் பிள்ளைகளுக்கு அவற்றின் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. தூங்கி வழிவார்கள். அதனால்தான் மரவள்ளிக் கிழங்கின் விலையைக் கோடாகப் போட ஆரம்பித்தேன். மலையடிவாரத்தில், வெள்ளிமலைக்கு பஸ் ஏறத் தொடங்கும் இடத்தில், உன் மாமா குத்தகைக்கு நிலம் எடுத்து மரவள்ளி வைத்திருந்தான். அதற்கு முன் கரும்பு போட்டு, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வண்டி கட்டிக் காத்துக் கிடந்து அலுத்தவன். வாரம் தவறாமல் சனிக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்வான். "எழுதிக்கக்கா, இந்த வாரம் கொஞ்சம் கம்மி," என்பான். நான் ஒரு புள்ளி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அந்தப் புள்ளிவரைக்கும் கோட்டை இழுத்து, 'மெல்லச் சரிந்தது', 'திடீரென ஏறியது', 'மீண்டது' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவார்கள். தன் கிழங்கை வைத்து டவுன் பிள்ளைகள் சீமைக்குப் போகப் படிக்கிறார்கள் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. டீக்கடையில் சொல்வானாம்: "எங்க அக்கா நம்ம கெழங்க கோடு போட்டுக்கீது. கவர்மெண்ட்டுக்கே தெரியாதது அதுக்குத் தெரியும்."

மரவள்ளியில் ஒரு வசதி உண்டு. நெல்லைப் போல, கரும்பைப் போல இந்த நாளில் அறுத்தே ஆக வேண்டும் என்ற கெடு இல்லை. விளைந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கலாம். பிடுங்கினால்தான் அவசரம், ஓரிரு நாளில் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே ஒவ்வொரு தை மாதமும் அடிவாரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு, இப்போது பிடுங்குவதா, விலைக்காக நிறுத்துவதா என்று. ஒரு தையில் உன் மாமா என்னிடம் கேட்டான். "க்கா, உன் கோட்டுல இன்னா தெரியுது? புடுங்கலாமா, நிறுத்தலாமா?" நான் சுவரைப் பார்த்தேன். முந்தைய வருடம் தையில் இறங்கிய கோடு பங்குனியில் ஏறியிருந்தது. நிறுத்து என்றேன். அந்த வருடமும் ஏறியது. எனக்கு ஒரு புடவையும் உனக்கு ஒரு கைக்கடிகாரமும் வாங்கி வந்தானே, அது அந்த வருடம்தான். நீ இப்போதும் அதைக் கட்டுகிறாய் என்று நினைக்கிறேன்.

அடுத்த தையிலும் கேட்டான். விலை முந்தைய வருடத்தைவிடக் கீழே இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் கிடைத்த விலைக்குப் பிடுங்கி ஏற்றிவிட்டார். உன் அத்தையும் பிடுங்கிவிடலாம் என்றுதான் சொன்னாள். போனில் அவள் குரல் பின்னால் கேட்டது: "போதும்யா, வந்த வெல வருட்டும். அண்ணி வூட்டுச் செவுத்துலயா கெழங்கு வெளயுது?" நான் சிரித்தேன். பிறகு, அவள் சொன்னதைச் சிரித்துத் தள்ளியதற்கு ஈடு கட்டுவதுபோல, நிதானமான குரலில் விளக்கினேன். இரண்டு வருடமும் இதே மாதம் இறங்கி, இதே மாதம் ஏறியிருக்கிறது, பொறு, பங்குனிவரைக்கும் பொறு. பங்குனியில் இன்னும் இறங்கியபோது, அடி தொட்டுவிட்டது, இனி ஏறும் என்றேன்.

எதை வைத்துச் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். நான் படித்தது ஆங்கில இலக்கியம். விலை ஏன் ஏறும், ஏன் இறங்கும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது; தெரியாது என்பது எனக்கே தெரியும். ஆனால் பதினைந்து வருடமாக நூற்றுக்கணக்கான பயிற்சிப் படங்களைப் பார்த்த கண் என்னுடையது. அந்தப் படங்களை வரைகிறவர்களுக்கு ஒரு தேவை இருக்கிறது. ஏறுவது, சரிவது, அடி தொடுவது, மீள்வது என்று எல்லாச் சொற்களையும் மாணவன் ஒரே படத்தில் பயன்படுத்த வேண்டும். அதனால் விழுந்த கோட்டை அவர்கள் கடைசியில் தூக்கிவிடுவார்கள். விழுந்தே கிடக்கும் கோட்டை வைத்து எழுத என்ன இருக்கிறது? அப்படி வரையப்பட்ட கோடுகளைப் பார்த்துப் பார்த்து, விலை என்றாலே விழுந்தால் எழும் என்று என் மூளை பழகிவிட்டது. எதையும் எளிதில் நம்பாதவள் என்று என்னைப் பற்றி நீயே கேலி செய்வாய். சாமியை நம்பாத, ஜோசியத்தை நம்பாத நான், பாடப்புத்தகத்துக்காக வளைத்த ஒரு கோட்டை நம்பி என் தம்பியின் கிழங்கை மண்ணுக்குள் வைத்தேன்.

சித்திரையில் கல்வராயன் மலைமேல் மூன்று நாள் விடாத மழை. அடிவாரமெல்லாம் தண்ணீர். மழை விட்டதும் மரவள்ளிச் செடி புதுத் துளிர் விட்டது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தத் துளிர் கிழங்கிலிருக்கும் மாவைத் தின்றுதான் வளர்கிறது. அவசரமாக ஆள் வைத்துப் பிடுங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றினான். என்னையும் வரச் சொன்னான். "நீ நாலு வார்த்த இங்கிலீஷ்ல பேசுக்கா, பயந்துக்கினு வெல போடுவானுங்க." வகுப்பை ரத்து செய்துவிட்டு, லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போனேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அங்கே வாசலில் ஒரு தராசு இருக்கும். ஒரு கூடைக் கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். மாவு அதிகமென்றால் அதிகம் காட்டும். அதற்கு பாயிண்ட் என்று பெயர். விலையே பாயிண்ட் கணக்கில்தான். எடை பார்த்தவர் முள்ளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி இன்னொரு கூடையை அள்ளித் தொங்கவிட்டார். பிறகு ஒரு கிழங்கை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். அது பட்டென்று ஒடியவில்லை.

"யோவ், ஒடச்சா சாக்பீஸ் மாதிரி ஒடியணும். இது இன்னா, வெள்ளரிக்கா மாதிரி வளையுது?"

"மழைல நனஞ்சிருச்சிங்க, காஞ்சா சரியாப் பூடும்," என்றான் உன் மாமா.

"மேல நனைஞ்சா தொடச்சி எடுத்துக்கலாம். உள்ள பூந்துருச்சேயா. தையிலயே புடுங்கறதுக்கு இன்னா? யார் சொன்னாங்க இவ்ளோ நாள் வெக்கச் சொல்லி?"

உன் மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் முன்னால் போய், மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எடை பார்த்தவர் மரியாதையாகவே கேட்டார். "டீச்சரம்மாங்களா?" ஆமாம் என்றேன். "உங்க இங்கிலீஷுக்கு பாயிண்ட் ஏறாதும்மா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க, பின்னாடி லாரி நிக்குது."

இன்னும் இரண்டு ஆலைக்குப் போனோம். கடைசியில் வாடகை மேலும் ஏறுவதைவிடக் கொட்டிவிடுவது மேல் என்று டிரைவரே சொன்னார். திரும்பி வந்து நிலத்தோரம் கொட்டினோம். சில நாளில் அது புளித்து எழுப்பிய நாற்றம் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் அடித்தது. கரியாலூர் அருவிக்குக் குளிக்கப் போகும் கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தும். லாரியிலிருந்து இறங்கியபோது மன்னிப்பு போல ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் விடவில்லை. "நீ இன்னாக்கா பண்ணுவ, கோடு ஏறல, அவ்ளோதான்," என்றான். சற்று நின்று, "நீ சொல்லித்தான் நிறுத்துனேன்னு யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. உன்ன நம்பி எத்தினி பசங்க படிக்க வருதுங்க. நான் ஆசப்பட்டேன்னு சொல்லிக்கறேன். அத எல்லாரும் நம்பிருவாங்க," என்றான்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. இந்தக் கடிதத்தில் நான் எழுதக் கூசுகிற ஒரே சொல் இதுதான். கிழங்கு போனதுகூட ஒரு தவறான கணிப்பு, யாருக்கும் வரும். அவன் நீட்டிய அந்த ஏற்பாட்டை நான் மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வழக்கம்போல நடந்தது. சுவரில் அந்த வாரப் புள்ளியையும் வைத்தேன்.

ஆடியில் தாத்தாவின் திதிக்கு நீ சென்னையிலிருந்து வந்தாய். பந்தியில் உன் எதிரில் மாமா, பக்கத்து இலையில் அவர் மகள் கோமதி. எந்த செமஸ்டர் என்று அவளைக் கேட்டாய். அவள் படிப்பை நிறுத்திவிட்டுப் பஜாரில் துணிக்கடையில் நிற்கிறாள் என்பது உனக்கு அப்போதுதான் தெரியும். ஏன் என்றாய். கிழங்கு என்றாள். நீ மாமாவைப் பார்த்துப் பேசியதை நான் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன்.

"எல்லாரும் தையில வித்தாங்க. உங்களுக்கு மட்டும் ஜாஸ்தி வேணும். பொண்ணு படிப்ப வெச்சு சூதாடிட்டு வந்து சோறு துன்றீங்களே மாமா, எறங்குதா? போய் எங்கனா கூலி வேல செஞ்சாவது அவளப் படிக்க வைங்க."

அப்பா "டேய், விடுடா" என்றார். மாமா இலையைப் பார்த்தபடி, "ஆமா மாப்ள. ஆசதான். தப்புதான்," என்று சொல்லிவிட்டு, "க்கா, கொஞ்சம் ரசம் ஊத்து," என்றான். என் கையில் ரசக் கரண்டி இருந்தது. நான் ஊற்றினேன். ஒரே ஒரு வாக்கியம் போதும் அப்போது, 'நான்தான் நிறுத்தச் சொன்னேன்' என்று. மொழியை விற்றுப் பிழைக்கிற எனக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. கேட்டால் நீ என்னை என்ன நினைப்பாய் என்று பயந்தேன். உன் கண்ணில் என் உயரம் குறையக் கூடாது என்பதற்காக, என் தம்பியின் உயரத்தை எல்லோர் முன்னாலும் குறைய விட்டேன்.

அந்த மாதமே அவன் ஒரு மேஸ்திரியோடு குடகுப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனான். மிளகு பறிக்கும் பருவம் வந்ததும் ஏணி ஏறச் சொன்னார்கள். மரவள்ளிக்குக் குனிந்தே பழகிய ஆள், நிமிர்ந்து மரமேறத் தெரியாதவன். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுவந்த உடம்பை இறக்கியவர்களில் நீயும் ஒருவன். கழுத்தைப் பார்த்ததும் நர்ஸாக உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். நீ அழவில்லை. நான் அழுதேன். எல்லோரும் அக்காவின் அழுகை என்று நினைத்தார்கள்.

உன் விடைத்தாள் வந்த அன்று, ஒரு வருடமாகப் போகாத அடிவாரத்துக்கு பஸ் ஏறினேன். உன் அத்தை வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் கூலிக்குத்தான் போகிறாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "அன்னைக்கி போன்ல நானும்தான் கத்துனேன் அண்ணி. நீங்க சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். "அவரு செத்து இவ்ளோ நாள் கழிச்சி வந்து சொல்றீங்களே, எனக்காகவா சொல்றீங்க, உங்களுக்காகவா?"

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உங்க புள்ள மாசாமாசம் எனக்குப் போன் பண்றான், தெரியுமா? பணம் போடறேங்கறான், கோமதிய படிக்க வெக்கறேங்கறான். அப்புறம் அழுவுறான். நான்தான் மாமாவ மரம் ஏத்தி உட்டுட்டேன் அத்தன்னு அழுவுறான். கேக்க முடியல. எனக்கு ஒன்னும் செய்ய வேணாம் நீங்க. அத நிறுத்துங்க. எல்லார் முன்னாடியும் அவன் பேசுனான் இல்ல, எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லுங்க." எனக்கு அவள் தண்ணீர் தரவில்லை. கேட்க எனக்கும் வாயில்லை. திரும்பும்போது கோமதி வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நாள் முழுக்க நின்ற கால். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். "வாங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது.

ஆக, இந்த முறை நீ தோற்றது ஆங்கிலத்தில் இல்லை. விலைக் கோட்டைப் பார்த்தவுடன் நீ பந்தியில் போய் உட்கார்ந்துவிடுகிறாய். மாமா பேராசைக்காரர் என்று நிரூபித்தால்தான் நீ சொன்னது நியாயம்; நியாயம் என்றால்தான் நீ அவரைச் சாகடிக்கவில்லை. அதனால் உன் கை தானாக அந்தக் காரணத்தை எழுதுகிறது. அதை இனி நீ எழுத வேண்டியதில்லை. அவன் பேராசைப்படவில்லை. அக்கா சொன்னதைக் கேட்டான். அவனைக் கூலிக்கு அனுப்பியது உன் வார்த்தை என்றால், அந்த வார்த்தை என் மௌனத்தின் மேல் நின்றுதான் வந்தது. உன் வார்த்தை கடுமையானதுதான். அது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் நம்ப மாட்டாய். ஆனால் தெரியாமல் பேசினாய். நான் தெரிந்து பேசாமல் இருந்தேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

இதைப் படித்த பிறகு நீ என்னோடு எப்படிப் பேசுவாய், பேசுவாயா என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். கோமதியின் கல்லூரிக்குப் போய்ப் பேசிவிட்டேன். ஆனி மாதம் அவள் மறுபடி சேரலாம் என்கிறார்கள். என் பணத்தில் படிக்க அவள் சம்மதிக்கவில்லை. உன் பணத்தில் என்றால் யோசிப்பாளாம். அதை அவளோடு நீயே பேசிக்கொள். அத்தைக்குப் போன் செய்தால் இனி அழாதே. அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள். வெளியூர் போன பிறகு, படித்தவர்கள் அடித்துச் சொல்வதை, அது நானாகவே இருந்தாலும், மண்ணில் நிற்கிறவரிடம் ஒரு தடவை கேட்டுப் பார். உன் அத்தை சொன்னது சரி. எந்தச் சுவரிலும் கிழங்கு விளையாது.

என் வகுப்புச் சுவரில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கிழிக்கவில்லை. அவன் குடகுக்குப் புறப்பட்டதற்கு முந்திய சனிக்கிழமையோடு கோடு நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன வாரம், "மிஸ், இதுக்கப்புறம் ஏன் இல்ல?" என்று கேட்டாள். 'ஏன் என்று கேட்காதே' என்று வழக்கமாக நான் சொல்வதைச் சொல்லவில்லை. மாடியில் இருந்த பதினோரு பேரிடமும் காரணத்தைச் சொன்னேன். இந்த ஞாயிறு ஏழு பேர்தான் வந்தார்கள்.

சனிக்கிழமை உனக்கு மூன்றாவது முறை. நன்றாகத் தூங்கிவிட்டுப் போ. மறுபடி விலைக் கோடே வந்தாலும் வரலாம். எங்கே தொடங்குகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுது. விழுந்து அப்படியே நின்றால், விழுந்து நின்றது என்றே எழுது; நீயாகத் தூக்கிவிடாதே. ஏன் என்று எழுதாதே. அதை நான் இங்கே எழுதிவிட்டேன்.

அம்மா